முள் காட்டிய ஊர்கள்



பழைய தமிழ் நூல்களை அச்சேற்றிய பெரியோர் முன் எப்போதும் ஒரு கேள்வி நின்றது. ஏட்டில் ஒரு சொல் செல்லரித்துப் போயிருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்தால், இன்ன சொல்லாகத்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். யாப்பும் அதற்கு இடங்கொடுக்கும். அந்தச் சொல்லை எழுதி நிரப்பிவிடுவதா? அல்லது இடத்தை வெறுமையாக விட்டுப் புள்ளியிட்டுக் காட்டுவதா? உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சிதைந்த இடங்களைச் சிதைந்த இடங்களாகவே காட்டினார். அந்நூலின் 267ஆம், 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த இரண்டு எண்களும் இன்றுவரை வெறுமையாகவே நிற்கின்றன. அவ்வெறுமையும் நூலின் வரலாற்றில் ஒரு பகுதிதான்.

இதே கேள்வி, ஏட்டுச் சுவடிக்கு வெகுதூரத்தில், மலையகத்துப் பழைய வானொலிப் பெட்டி ஒன்றின் முன்னும் எழுகின்றது. பெட்டி இருக்கிறது. குமிழ்கள் இருக்கின்றன. நிலையங்களைக் காட்டும் முள்ளும் இருக்கிறது. ஆனால் அந்த முள் எந்தக் கண்ணாடியின் பின்னால் ஓடியதோ, எந்த ஊர்ப் பெயர்களைச் சுட்டியதோ, அந்தக் கண்ணாடி இல்லை. பெட்டியைத் திருத்துகிறவர் புதிய கண்ணாடி செய்ய வேண்டும். அதில் என்ன எழுதுவது? இன்றைய உரையில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

நம் வீடுகளில் டயல் என்று வழங்கிய அந்தக் கண்ணாடி வெறும் அலங்காரமன்று. வால்வு வானொலிப் பெட்டிகள் பலவற்றில் எண்களும் பெயர்களும் கண்ணாடியின் உட்புறத்தில் வர்ணத்தால் அச்சிடப்பட்டிருக்கும். குமிழைத் திருகும்போது உள்ளே ஒரு நூல் ஓடும். அந்த நூல் ஒருபுறம் முள்ளை நகர்த்தும். மறுபுறம், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து விலகும் தகடுகள் கொண்ட கொண்டன்சரைச் சுழற்றும். தகடுகள் முழுதாகப் புகுந்து நிற்கும்போது நீண்ட அலைகள் கேட்கும். விலக விலகக் குறுகிய அலைகள் கேட்கும். அலையின் நீளம் மீற்றரிலும் அதிர்வெண் கிலோஹேர்ட்சிலும் குறிக்கப்படும். 300,000 என்ற எண்ணைக் கிலோஹேர்ட்சால் வகுத்தால் மீற்றர் வரும். 1,000 கிலோஹேர்ட்ஸ் என்றால் 300 மீற்றர். கண்ணாடியில் இருந்த எண்களின் கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் எண்களை மட்டுமா எழுதினார்கள்? ஐரோப்பாவில் விற்கப்பட்ட பெட்டிகளில் ஹில்வர்சம், லக்சம்பேர்க், கலுண்ட்போர்க் என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக நின்றன. இந்தியா, இலங்கைப் பகுதிகளுக்கென்று வந்த பெட்டிகள் சிலவற்றில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ், கொழும்பு என்ற பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன. ஒரே பெட்டியையே நிறுவனங்கள் வெவ்வேறு நாட்டுச் சந்தைகளுக்கு வெவ்வேறு கண்ணாடி பொருத்தி அனுப்பின. ஆகவே, கண்ணாடியைப் பார்த்தால் அந்தப் பெட்டி எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது, எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம். பெட்டிக்குள் இருப்பவை வெறும் உறுப்புகள். கண்ணாடியோ ஓர் ஆவணம்.

இந்த ஆவணம் எழுதப்பட்ட காலத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். இலங்கையில் வானொலிப் பரிசோதனைகளை 1920களின் முற்பகுதியில் தொடக்கியவர் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர். முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டே முதலாவது பரப்பி அமைக்கப்பட்டது. 1925 டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று. பி.பி.சி. தோன்றி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944இல் பேராதனைக்கு வந்தது. அந்தப் படையினருக்காக அமைந்த வானொலியின் 100 கிலோவாற் வலுவுள்ள சிற்றலைப் பரப்பி ஏக்கலையில் நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது.

அதன்பின் வந்த கதையை நீங்கள் அறிவீர்கள். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களைக் கட்டுப்படுத்தினார். 1957இல் விவித்பாரதி பிறக்கும்வரை, பாட்டுக் கேட்க விரும்பிய இந்திய நேயர்கள் கொழும்பை நோக்கி முள்ளைத் திருப்பினார்கள். எஸ். பி. மயில்வாகனனின் குரல் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் வீட்டுக் குரலாயிற்று. இலங்கை வானொலியிலும் பி.பி.சி. தமிழோசையிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலைத் தமிழில் எழுதினார். கேட்கும் தமிழ் என்று ஒன்று உருவான காலம் அது.

அந்தத் தமிழ், தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

நோர்ட்டன் பிரிட்ஜ், அட்டன் வட்டாரத்து ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்தார். 1950இல் லக்சபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையின் நீர் கொழும்புக்கு வெளிச்சமாயிற்று. ஆனால் அதே மலையில், கொழுந்து பறித்தவர்களின் லயங்களில் அதன்பின்னும் பல காலம் குப்பி லாம்புதான் எரிந்தது. துரையின் பங்களாவிலும் தொழிற்சாலையிலும் மின்சாரம் இருந்தது. லயத்துக் காம்பராவில் இல்லை. எனவே சுவரில் பொருத்தி இயக்கும் பெரிய வானொலிப் பெட்டி பங்களாவின் பொருளாயிற்று. லயத்துக்கு வந்தால் பற்றரிப் பெட்டிதான் வரவேண்டும்.

பற்றரி வால்வுப் பெட்டி என்பது இன்றைய பிள்ளைகள் காணாத ஒன்று. அதற்கு இரண்டு வகை மின்சாரம் வேண்டும். வால்வுகளின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ற் அளவு. மற்ற வேலைக்குத் தொண்ணூறு வோல்ற் அளவு. இரண்டையும் ஒரே அட்டைப் பெட்டிக்குள் அடக்கிய கனத்த உலர் பற்றரிகள் விற்கப்பட்டன. விலை அதிகம். அது தீர்ந்தால் அடுத்த சம்பளம்வரை பெட்டி ஊமைதான். ஆகவே செய்தி நேரம், பாட்டு நேரம் என்று அளந்தே கேட்டார்கள். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக இப்பெட்டிகள் பலவற்றில் கண்ணாடியின் பின்னால் விளக்குக்கூட வைப்பதில்லை. இரவில் நிலையம் தேட வேண்டுமானால் குப்பி லாம்பை அருகே பிடிக்க வேண்டும். இது போதாதென்று, வானொலி வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டியிருந்தது. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ட்ரான்சிஸ்ரர், சட்டைப் பைக்குள் அடங்கும் வானொலியாக 1954இல் கடைக்கு வந்தது. அதன் பிறகே, சிறிய பற்றரிகளில் ஓடும் வானொலி நம் மலைகளிலும் மெல்லப் பரவிற்று. வால்வுப் பெட்டிகள் பரணுக்குப் போயின.

அப்படிப் பரணிலிருந்து வந்த ஒரு பெட்டியை நான் அறிவேன். எங்கள் கல்லூரிக் கண்காட்சி ஒன்றுக்காக, அட்டன் பக்கத்துத் தோட்டத்து மாணவர் ஒருவர் அதைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். மரப் பெட்டி, பற்றரியில் இயங்குவது, டீ.கே. 96 வகை வால்வுகள் கொண்டது. கண்ணாடி எப்போதோ உடைந்துபோயிருந்தது. கண்ணாடி இருந்த இடத்துக்குக் கீழே ஓடும் மரச் சட்டத்தில் ஆணியால் கீறிய ஒரு கோடு மட்டும் ஆழமாகத் தெரிந்தது. அது எதற்கு என்று மாணவரின் அப்பாயியிடம் கேட்டேன். "அந்தக் கோட்டுக்கு நேரா முள்ளக் கொண்டாந்து வச்சா பாட்டு வரும் சேர். கண்ணாடியில என்னா எழுதியிருந்துச்சுன்னு யாரு படிச்சா?" என்றார்.

ஆங்கில எழுத்துகள் நிறைந்த கண்ணாடி ஒருவகை ஆவணம் என்றேன். ஆணிக் கீறல் இன்னொரு வகை ஆவணம். முதலாவதை எழுதியது தொழிற்சாலை. இரண்டாவதை எழுதியது லயம்.

பெட்டியைத் திருத்தும் வேலையைக் கல்லூரி விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும், நகரத்தில் வானொலி திருத்திய பழைய கைவினைஞர் ஒருவரும் செய்தார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். இத்தகைய வேலையில் ஆர்வமுள்ள நேயர்களுக்காக அதன் முறையைச் சொல்கிறேன். பல ஆண்டுகள் தூங்கிய பெட்டிக்கு உடனே மின்சாரம் கொடுக்கக் கூடாது. மெழுகுக் கடதாசிக் கொண்டன்சர்கள் காலப்போக்கில் கசியத் தொடங்கும். அவற்றைச் சோதித்து மாற்ற வேண்டும். சுவர் மின்சாரத்தில் இயங்கும் பெட்டியானால் உள்ளே 250 வோல்ற்றுக்கு மேலும் இருக்கக்கூடும், பயிற்சியில்லாதவர் கைவைக்கலாகாது. பற்றரிப் பெட்டிக்கு உரிய பழைய தொண்ணூறு வோல்ற் பற்றரி இப்போது கடையில் கிடைப்பதில்லை. ஒன்பது வோல்ற் பற்றரிகள் பத்தைத் தொடராக இணைத்தால் அந்த அளவு கிடைத்துவிடும். ஆனால் இணைப்பு மாறி, அந்தத் தொண்ணூறு வோல்ற் இழைகளுக்குப் போனால், கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லா வால்வுகளும் எரிந்துவிடும். முதலில் இழைகளின் மின்சாரத்தை அளந்து பார்த்த பின்னரே மற்றதை இணைத்தார்கள்.

பெட்டி பேசிற்று. கண்ணாடிதான் மீதி.

இல்லாத கண்ணாடியைச் செய்ய மூன்று வழிகள் உண்டு. அதே வகைப் பெட்டி ஒன்று பழுதாகிக் கிடந்தால் அதன் கண்ணாடியை எடுத்துப் பொருத்தலாம். அது கிடைக்காவிட்டால், நல்ல நிலையிலுள்ள கண்ணாடி ஒன்றைச் சரியான அளவில் ஸ்கான் செய்து, ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டு, வெற்றுக் கண்ணாடியின் பின்னால் ஒட்டலாம். அதுவும் முடியாவிட்டால், அளந்து எழுத வேண்டும். அளந்து எழுதுவது எப்படி? தகடுகள் முழுதாகப் புகுந்து நிற்கும்போது முள் ஓர் ஓரத்தில் நிற்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்வார்கள். பின்னர், வேண்டிய அதிர்வெண்ணைத் தரும் கருவி ஒன்றை அருகே வைத்து, 600, 700, 800 கிலோஹேர்ட்ஸ் என்று ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். ஒவ்வொன்றும் கேட்கும் இடத்தில் முள்ளின் நிழலில் ஒரு புள்ளி வைப்பார்கள். இந்தப் புள்ளிகள் சம தூரத்தில் விழுவதில்லை. தகட்டின் வடிவத்துக்கேற்ப ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் விலகும். அதனாலேயே வேறு வகைப் பெட்டியின் கண்ணாடியைப் பொருத்தினால் முள் ஓரிடத்திலும் நிலையம் ஓரிடத்திலுமாக நிற்கும்.

எங்கள் பெட்டிக்கு மூன்றாவது வழிதான் வாய்த்தது. புள்ளிகள் வைத்தாயிற்று, எண்கள் எழுதியாயிற்று. அப்போதுதான் பெயர்களைப் பற்றிய பேச்சு வந்தது.

மாணவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கொழும்பு, திருச்சி, இலண்டன் என்று அழகாக எழுதலாம் என்றார் ஒருவர். எல்லாம் தமிழிலேயே இருக்கட்டும் என்றார் இன்னொருவர். நடுவே அட்டன் என்றும் நுவரெலியா என்றும் எழுதினால் நம் ஊர்ப் பெட்டியாகிவிடும் அல்லவா என்றார் மூன்றாமவர். பிள்ளைகளின் ஆசையில் குற்றமில்லை. ஆனால் அந்தப் பெட்டி செய்யப்பட்ட காலத்தில் அட்டன் என்றொரு வானொலி நிலையம் இருக்கவில்லை. மலையகத்து மக்கள் உலகத்தைக் கேட்டார்கள். உலகம் முள்ளைத் திருப்பி அவர்களைக் கேட்க ஒரு நிலையம் இருக்கவில்லை. அந்த இன்மையே வரலாறு. அங்கே ஒரு பெயரை நாம் எழுதிவிட்டால், இல்லாமையின் சாட்சி அழிந்துவிடும். ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவர், மலைக்கென்று ஒரு நிலையம் அன்றே இருந்தது என்று எண்ணிக்கொள்வார்.

கண்ணாடி மாறுவதும் பெயர்கள் இடம்மாறுவதும் உலகத்துக்குப் புதிதல்ல. 1948இல் கோப்பன்ஹேகனில் கூடி வகுத்த புதிய அலைவரிசைத் திட்டம் 1950 மார்ச் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்தபோது, ஐரோப்பாவில் ஓரிரவில் நிலையங்கள் இடம்மாறின. பழைய பெட்டிகளின் கண்ணாடிகள் பொய்யாயின. நிறுவனங்கள் மாற்றுக் கண்ணாடிகளை அச்சிட்டு விற்றன. 1978 நவம்பர் 23ஆந் திகதி நமது ஆசியப் பகுதியிலும் அப்படி ஒரு மாற்றம் வந்தது. அன்றிலிருந்து மத்திய அலை நிலையங்கள் ஒன்பது கிலோஹேர்ட்ஸ் இடைவெளிக்கு மாறின. சென்னையின் 720, திருச்சியின் 936 ஆகியவை ஒன்பதால் மீதியின்றி வகுபடுவது இதனாலேதான். ஆனால் அந்த மாற்றங்களெல்லாம் அந்தந்த நாளில், அந்தந்த உண்மையைச் சொல்ல நடந்தவை. நாம் செய்யப் போவது கடந்த காலத்தைப் பற்றிய ஒரு கூற்று. அதற்குச் சான்று வேண்டும்.

நினைவுச் சின்னங்களைப் பேணுவது பற்றி 1964இல் வெனிஸ் நகரில் ஒரு சாசனம் வகுக்கப்பட்டது. புதுப்பிப்பு வேலை ஊகம் தொடங்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. இழந்த பகுதிக்குப் பதிலாகச் சேர்ப்பது முழுமையோடு இயைந்திருக்க வேண்டும். ஆனால் பழையதாக மயக்கக் கூடாது என்பது மற்றொன்று. சாமிநாதையரின் புள்ளிகளும் இதையே அல்லவா சொல்லின?

வெனிஸ் சாசனம் எழுந்த அதே 1964இல், ஒக்டோபர் 30ஆந் திகதி, ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் இரு அரசுகளும் தீர்மானித்தன. ஒரே கண்ணாடியில் கொழும்பும் இருந்தது, மதராசும் இருந்தது. குமிழைச் சற்றுத் திருகினால் இரண்டையும் ஒருவர் கேட்கலாம். ஒப்பந்தமோ இரண்டில் ஒன்று என்றது. ஒரே லயத்தில் அண்ணன் தலைமன்னாருக்குக் கப்பலேறப் போனார். தம்பி கொழுந்துக் கூடையோடு மலையில் நின்றார். அந்தக் குடும்பங்களின் கதைக்கு எழுத்துச் சான்றுகள் குறைவு. இருப்பவற்றிலும் பல, துரைமாரின் கணக்கேடுகளும் அரசாங்கத்தின் கோவைகளுமே. மக்கள் தாங்களே விட்டுச்சென்ற சுவடுகள் மிகச் சில. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகக் கேட்டுச் சேகரித்த பாடல்கள் 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலானது நாம் பெற்ற பேறு. கம்பளைப் பகுதியில் பழைய லயம் ஒன்றிலேயே 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டதும் அத்தகையதே. சான்று குறைந்த மக்களுக்கு, இருக்கும் சான்று ஒவ்வொன்றும் பெரிது. பொய்ச் சான்று ஒன்று சேர்ந்தாலும் நட்டம் பெரிது.

ஆகவே, ஆணிக் கீறலுக்குத் திரும்பினோம். முள்ளை அதற்கு நேரே நிறுத்தி அளந்தபோது 4,900 கிலோஹேர்ட்ஸ் அளவு வந்தது. 60 மீற்றர் வட்டாரம் அது. இடிமின்னலின் இரைச்சல் மத்திய அலையைக் கெடுக்கும் வெப்பமண்டல நாடுகளின் உள்நாட்டு ஒலிபரப்புக்காக ஒதுக்கப்பட்ட சிற்றலைப் பட்டை. இலங்கையும் அதைப் பயன்படுத்தியது. கீறல் எண்ணைத் தருகிறது, பெயரைத் தருவதில்லை. எனவே புதிய கண்ணாடியில் எண்களை மட்டும் எழுதினோம். பெயர்கள் இருந்த வரிசையை வெறுமையாக விட்டோம். கண்ணாடியின் பின்புறத்தில், இது மீளச் செய்யப்பட்டது என்ற குறிப்பையும் ஆண்டையும் சிறிய எழுத்தில் பதித்தோம். மரத்தை மெருகிட வந்தவர் கீறலைத் தேய்த்துவிடலாம் என்றார்; அதைத் தொட வேண்டாம் என்று தடுத்துவிட்டோம். நாளை அதே வகைப் பெட்டியின், அதே சந்தைக்கு வந்த கண்ணாடி எங்காவது கிடைத்தால், பெயர்களை அன்றைக்கு எழுதிக்கொள்ளலாம். வெற்றிடம் காத்திருக்கும்.

இன்று சிற்றலையில் பல குரல்கள் அடங்கிவிட்டன. பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் நின்றது. பழைய கண்ணாடியிலுள்ள பல பெயர்களில் முள்ளை நிறுத்தினால் இரைச்சல்தான் கேட்கும். ஆனாலும் அந்தப் பெயர்கள் வேண்டும். ஒரு லயத்துக் காம்பராவுக்குள் எந்தெந்த ஊர்கள் வந்துபோயின என்பதற்கு அவையே பெயர்ப்பதிவு.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய பெட்டி இருக்கக்கூடும். தீபாவளிக்கு வீடு துப்புரவு செய்யும்போது அதன் கண்ணாடியை ஈரத் துணியால் உட்புறம் துடைத்துவிடாதீர்கள். பல கண்ணாடிகளில் எழுத்து தண்ணீரோடு போய்விடும். முதலில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பெட்டியின் மரத்தில் கீறலோ, வர்ணப் புள்ளியோ, ஒட்டிய கடதாசித் துண்டோ இருந்தால், அதைப் போட்டவர் யார், எதற்காகப் போட்டார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.